நான் பீடியை விட்ட விதம்

பீடியை விட்டது எப்படி என்று எழுதித் தரச் சொல்லி எஸ்டேட் தொழிலாளர் மன்றத்திலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். புகையிலை ஒழிப்பு நாளுக்கு மலர் போடுகிறார்களாம். டாக்டர் ஒருவர் கட்டுரை கொடுத்துவிட்டார். வாத்தியார் ஒருவர் கவிதை கொடுத்துவிட்டார். விட்டவர் ஒருவர் வேண்டும். விசாரித்த இடத்தில் எல்லாம் என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

விடுவதில் எனக்குக் கஷ்டமே இல்லை. பிடிப்பதில்தான் இருந்தது. அதை எழுதலாமா என்று கேட்டேன். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், பக்கம் நிறைய வேண்டும் என்றார்கள்.

நான் எட்டாவது பாதியில் நின்றவள். நடந்ததை நடந்தபடி சொல்வேன், அவ்வளவுதான். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. விருத்தாசலம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் களிமண் வேலை இல்லாத கம்பெனி எது? தேடுகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும். மேனேஜர்கள் படித்துவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். மலர் என்றால் அவர்கள் தங்கள் போட்டோ இருக்கிற பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

என் பெயர் கொளஞ்சி. எங்கள் பக்கம் ஆணுக்கும் இந்தப் பெயர்தான், பெண்ணுக்கும் இந்தப் பெயர்தான். ஊர் ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில். வீட்டுக்காரர் போன பிறகு வேலைக்கு வந்தேன். பொம்மைக்குக் கண் எழுதுகிற வேலை கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ப்யூஸ் கட்டைக்குப் பிசிறு சுரண்டுகிற வேலை கொடுத்தார்கள். முதல் வாரம் உடைத்தேன். இரண்டாம் வாரம் கையை அறுத்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் வேலை வந்துவிட்டது. பயிற்சி என்பது அதுதான்.

ப்யூஸ் கட்டை எல்லோர் வீட்டிலும் இருந்தது. மீட்டருக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருக்கும். கரண்டு போனால் பிடுங்கிப் பார்ப்பார்களே, அதுதான். வெள்ளைக் கல்லையும் களிமண்ணையும் அரைத்த மாவை அச்சில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். விளிம்பில் பிசிறு நிற்கும். பலகையில் அடுக்கிக் காயவைத்து எங்கள் மேசைக்கு அனுப்புவார்கள். இடது கையில் பிடிக்க வேண்டும். இறுக்கினால் கட்டை உடையும். தளர்த்தினால் பிளேடு கையில் இறங்கும். மேல் விளிம்பில் ஓர் இழுப்பு. கீழ் விளிம்பில் ஓர் இழுப்பு. திருகு ஓட்டையில் குச்சியை விட்டு ஒரு திருப்பு. கடைசியில் வாயால் ஊத வேண்டும். ஊதாவிட்டால் ஓட்டையில் மாவு நின்றுவிடும். சூளையில் வெந்து அடைத்துக்கொள்ளும். கட்டை கழிவில் போகும்.

ஊதுகிற மாவு எங்கே போகும்? எதிரில் இருப்பவள் முகத்துக்குப் போகும். அவள் ஊதுவது நம் முகத்துக்கு வரும். எனக்கு எதிரில் சரோஜா. என்னைவிடச் சின்னவள், வாய் பெரிது. சாயந்திரம் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "மாவு மில்லு எல்லாம் பின்னாடி போ" என்பார்.

மாவு பறக்காமல் சுரண்ட வழி இருந்தது. ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து விளிம்பைத் தடவினால் பிசிறு கரைந்துவிடும். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நனைந்த கட்டை மறுபடி காய வேண்டும். ஒரு நாள் தாமதம். சூளை காத்திருக்காது என்று சூப்பர்வைசர் சொல்வார். சூளைக்கு இருந்த மரியாதை அப்படி.

ஆண்கள் அச்சிலும் சூளையிலும் இருந்தார்கள். அவர்களுக்குப் பீடி நேரம் என்று ஒன்று உண்டு. காலையில் ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை. பின்பக்கம் நாலு பக்கமும் திறந்த ஒரு கொட்டகை. பீடி குடிக்காதவனுக்கு அந்த நேரம் கிடையாது. குடிக்காதவன் எதற்கு வெளியே போக வேண்டும் என்பது கம்பெனி நியாயம். அந்த நியாயத்தால் புதிதாகச் சேர்ந்தவன் அநேகமாகச் சீக்கிரம் பீடி பழகிவிடுவான். நல்ல காற்று வாங்குவதற்காகப் பழகினான். பெண்களுக்கு அந்த வழியும் இல்லை.

சூளை பிரகாசம் அண்ணன் பொறுப்பு. முழுப் பெயர் ஞானப்பிரகாசம். கோணான்குப்பம் பக்கத்து ஆள். அவருக்குப் பீடி ஒரு கருவி. சூளை எரியும்போது பக்கத்தில் இருக்கும் சின்ன ஓட்டைக்கு நேராகப் பீடியைப் பிடிப்பார். புகை உள்ளே இழுத்தால் புகைபோக்கி சரியாக இழுக்கிறது. வெளியே திரும்பினால் புகைபோக்கியை அடைக்கும் தகட்டைத் தள்ள வேண்டும். புகை போகிற போக்கை வைத்தே சொல்லிவிடுவார். பார்த்து முடித்தபின் கருவியை வீணாக்க மாட்டார், வாயில் வைத்துக்கொள்வார்.

எனக்கு இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும். பிறகு படி ஏறினால். பிறகு பஸ் படிக்கே. கம்பெனி ஒரு டாக்டரிடம் அனுப்பியது.

"பீடி, சிகரெட் உண்டா?" என்றார் டாக்டர்.

"இல்லீங்க."

"வீட்டுக்காரர்?"

"அவரு செத்து வருஷமாச்சிங்க."

"இருந்தப்ப குடிப்பாரா?"

"வெத்தல போடுவாருங்க."

"விறகு அடுப்பா?"

"கேசுங்க."

"பக்கத்து வீட்ல யாராவது குடிக்கிறாங்களா?"

"பக்கத்து வூட்டுல மாடுதாங்க இருக்குது."

பாவம், புகையைத் தேடிக்கொண்டே இருந்தார். கிடைக்கவில்லை. என் தலையெல்லாம் வெள்ளையாக இருந்தது. நரை என்று நினைத்திருப்பார். இருமலுக்கு டானிக் எழுதிக் கொடுத்தார். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை.

அந்த வருஷம் புது மேனேஜர் வந்தார். சென்னைக்காரர். ஒரு காலத்தில் பெட்டி பெட்டியாகச் சிகரெட் ஊதியவர். நெஞ்சு வலி வந்து, ரத்தக்குழாயில் ஸ்பிரிங் வைத்து, பிழைத்து எழுந்தவர். பிழைத்தவருக்கு உலகத்தில் ஒரே ஒரு விரோதிதான் தெரிந்தது.

நல்ல மனிதர். யாரையும் வா போ என்று கூப்பிட மாட்டார். வந்த வாரமே கொட்டகையை இடித்தார். பீடி நேரத்தை எடுத்தார். காலையில் கேட்டில் நின்று ஒவ்வோர் ஆணையும் "ஊதுங்க" என்பார். மூக்கைக் கிட்டே கொண்டுபோவார். வெங்காயம் தின்றவன், பழைய சோறு தின்றவன் எல்லோரையும் மோந்தார். அந்த மூக்கு பட்ட பாட்டுக்குத் தனியாகச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

பீடி இல்லாமல் சூளையைப் பார்க்க முடியாது என்று பிரகாசம் அண்ணன் முறையிட்டார். மேனேஜர் ஊதுபத்தி வாங்கிக் கொடுத்தார். அதுவும் புகைதானே. அண்ணன் ஊதுபத்தியை ஓட்டைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "சாம்பிராணி காட்டியாச்சி சார். பூசை எப்ப?" என்றார். மேனேஜர் சிரிக்கவில்லை. பீடி விஷயத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இதில் ஒரு சங்கடம். அந்த வருஷம் கம்பெனியில் நன்றாக ஓடிய சாமான் சிகரெட் சாம்பல் தட்டுகிற கிண்ணம். ஓட்டல்காரர்கள் கேட்டார்கள். ஆர்டரை விட முடியாது. மேனேஜர் இரண்டு நாள் யோசித்து, அட்டைப் பெட்டியில் சோப்பு டப்பா என்று அச்சடிக்கச் சொன்னார். விளிம்பில் மூன்று பள்ளம் எதற்கு என்று பேக்கிங்கில் யாரோ கேட்டார்கள். தண்ணீர் வடிவதற்கு என்றார்.

எங்கள் செக்ஷனுக்கும் வருவார். பீடி வாசம் அடிக்கிறதா என்று பார்க்க வருவார். உள்ளே நுழைந்ததும் மாவு தாங்காமல் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வார். பொத்திய மூக்கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடப்பார். "இந்த செக்ஷன் சுத்தம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு திங்கட்கிழமை கேட்டுக்கு உள்ளே எல்லோரையும் நிற்க வைத்து அறிவித்தார். பீடியை விடுகிறவர்களுக்கு ஆறு மாதம் பேக்கிங் வேலை. "விட்ட உடனே நுரையீரல் பச்சைப் புண் மாதிரி இருக்கும். அதுக்கு நல்ல காத்து வேணும். மாவு, புகை எதுவும் படக்கூடாது" என்றார்.

மாவு படக்கூடாது என்று கம்பெனியில் ஒருவர் சொல்லி அன்றுதான் முதல் தடவை கேட்டேன்.

பேக்கிங் தனிக் கட்டடம். பெரிய ஜன்னல். அட்டைப் பெட்டியும் காகிதமும்தான் வேலை. அன்று சாயந்திரமே அவர் ரூமுக்குப் போனேன்.

"சார், எனக்கு இருமலு. மூச்சு வாங்குது. என்னையும் பேக்கிங்குல போடுங்க சார்."

"உங்களுக்கு என்னம்மா பழக்கம்?"

"ஒன்னும் இல்லீங்க."

"வெத்தலை, பொடி?"

"அதுவும் இல்லீங்க."

"அப்ப உங்களுக்கு என்ன குறை கொளஞ்சியம்மா? கடவுள் கொடுத்த நுரையீரலை அப்படியே வச்சிருக்கீங்க. தைரியமா வேலை பாருங்க."

வெளியே வந்தேன். கேட்டுக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். வேலையை விட்டால் சோறு இல்லை. வேலையில் இருந்தால் மூச்சு இல்லை. கணக்கு அதுதான்.

மறுநாள் சூளைப் பக்கம் போனேன்.

"அண்ணே, ஒரு பீடி குடுங்க."

"எதுக்கு? பேய் ஓட்டவா?"

"குடிக்க."

பிரகாசம் அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் முடிய நேரம் ஆயிற்று.

"விட்டவங்களத்தான் பேக்கிங்குல போடுறாரு. விடணும்னா மொதல்ல புடிக்கணும்ல?" என்றேன்.

"அடி கெட்டிக்காரி. நாங்க விட முடியாம சாவுறோம். நீ புடிக்க முடியாம சாவுற." சூளைச் சுவர் மறைவில் உட்கார்ந்து ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். "உள்ள இழுக்காத தங்கச்சி. வாயிலயே வச்சி வுட்டுடு. ஒனக்கு வாசந்தான வேணும்."

வைத்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. குடல் வாய்க்கு வந்தது. இதையா மனிதர்கள் விட முடியாமல் தவிக்கிறார்கள் என்று நினைத்தேன். இழுக்காமலே இழுத்தமாதிரி ஆகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

"வேணாம் வுடு" என்று பிடுங்கிக்கொண்டார். "பொடவையில நாலு தரம் ஊதி வுடுறேன். அது போதும்."

ஊதிவிட்டார். மறுநாள் காலையிலும் கேட்டுக்கு வெளியே ஊதிவிட்டார். பீடிக்கடையே நடந்து வருகிற மாதிரி மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அவர் ஒதுங்கி வழிவிட்டு, "நீங்க போங்கம்மா" என்றார். பெண்களை மோந்து பார்ப்பது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. வாசம் மட்டும் அவர் மூக்குக்குப் போய்விட்டது. எனக்குப் பின்னால் வந்த அச்சுக்காரரை மூன்று தடவை ஊதச் சொன்னார். அந்த மனிதருக்கு வாழ்நாளில் பீடிப் பழக்கம் கிடையாது.

அடுத்த திங்கட்கிழமை "யாராவது விட விரும்புறீங்களா?" என்று கேட்டபோது கையைத் தூக்கினேன்.

"என்னம்மா, தண்ணி வேணுமா?"

"இல்லீங்க. நானும் வுடுறேன்."

"எதை?"

"பீடிய."

முதலில் வாயைத் திறந்தவள் சரோஜாதான். "அடப்பாவமே! எதுரதான உக்காந்திருக்கேன். ஒரு நாளாச்சும் எனக்கு ஒன்னு குடுத்தியாக்கா?"

ஆண்கள் சிரித்தார்கள். மேனேஜர் கையைத் தூக்கி அடக்கினார்.

"எத்தனை நாளா?"

"கொழந்த பொறந்ததுல இருந்துங்க."

"ஏம்மா?"

"வாயுத் தொல்லைங்க. நடவு நட்ட எடத்துல பழக்கிவுட்டுட்டாங்க."

எங்கள் பக்கம் வயல் வேலைக்குப் போகும் பெண்கள் சிலர் சுருட்டுப் பிடிப்பது உண்டு. அன்று ரூமில் ஒன்றும் இல்லை என்றது வெட்கத்தில் என்று அவரே முடிவு செய்துகொண்டு நம்பிவிட்டார். அவர் கண் கலங்கியது. கடைசிப் பீடியை எல்லோர் முன்னாலும் நசுக்கி அணைக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த முறை. பிரகாசம் அண்ணன் தன்னிடம் பீடியே இல்லை என்று சத்தியம் செய்தவர். அன்று மட்டும் எங்கிருந்தோ ஒன்று அவர் கையில் வந்தது. அணைப்பதற்கு ஒரு புதுச் சோப்பு டப்பா கொண்டுவந்தார்கள். மூன்று பள்ளத்தில் ஒன்றில் வைத்து நசுக்கினேன். கைதட்டினார்கள்.

அந்த வாரமே சேதி பெண்ணாடம்வரை போய்விட்டது. அங்கே கட்டிக்கொடுத்த என் மகள் போன் செய்தாள்.

"எம்மா, மாமியா கேக்குது. ஒங்கம்மா குடிக்கிறது பீடியா சிகரெட்டான்னு."

"பீடின்னு சொல்லு. அதையும் வுட்டாச்சின்னு சொல்லு."

"மானம் போவுதும்மா."

"போவட்டும். மூச்சு வரட்டும்" என்றேன்.

வந்தது. பேக்கிங்கில் உட்கார்ந்த பிறகு இருமல் குறைந்தது. முழுதாகப் போகவில்லை. பஸ் படி ஏற முடிந்தது. யார் கம்பெனியைப் பார்க்க வந்தாலும் மேனேஜர் என்னிடம் கூட்டிக்கொண்டு வருவார். "இந்தம்மாவைப் பாருங்க. பீடியை விட்டதும் எப்படித் தெளிஞ்சிட்டாங்க" என்பார். நான் தலையாட்டுவேன். தெளிந்தது நிஜம்தான். பாதி உண்மைக்குத் தலையாட்டலாம்.

பிரகாசம் அண்ணன் விடவில்லை. ஊதுபத்தியை ஓட்டைக்குப் பிடிப்பார், பீடியை வாயில் பிடிப்பார். புகையைச் சூளை இழுத்துக்கொள்ளும். வாசத்தை ஊதுபத்தி மறைத்துவிடும். மேனேஜர் மூக்கை ஏமாற்ற மேனேஜர் வாங்கிக் கொடுத்ததே உதவியது. ஆனால் நுரையீரலை ஏமாற்ற ஒன்றும் உதவவில்லை.

சளியில் ரத்தம் வந்தது. நெஞ்சில் கட்டி என்றார்கள். பரவிவிட்டது என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். கட்டிலில் படுக்கவில்லை. விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, முன்னால் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. அப்படியேதான் தூக்கமும். தோள் எலும்பு இரண்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறி இறங்கின. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நிறுத்தினார். அவர் மனைவி மேரி அக்கா பின்னால் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒனக்கு எப்புடி இருக்குது?" என்றார்.

"தேவலாம்ணே."

"நீ நெசமாவே குடிச்சன்னுதான் அவுரு இன்னும் நெனச்சிக்கிட்டு இருக்காரா?"

"ஆமாண்ணே."

"சொல்லிராத." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கொட்டகைக்குப் போவலாமேன்னுதான் நான் புடிச்சேன். வந்த புதுசுல. கொட்டகைய இடிச்சிட்டாரு. பீடி இடியல."

"பேசாதீங்கண்ணே."

"பேசாம என்னா பண்றது. அத வுட்டுத் தொலைச்சிருக்கணும், கொளஞ்சி. உன்ன மாதிரி."

மேரி அக்கா அழுதார். அண்ணன் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை போய்விட்டார். அவரைக் கொன்றது பீடிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாவும் கொஞ்சம் கை கொடுத்திருக்கும். பங்கு பிரிக்க யாருக்கும் தெரியாது. கல்லறையில் மேனேஜர் ஓரமாக நின்று அழுதார். தான் இன்னும் கண்டிப்பாக இருந்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூக்கால் முடிந்ததை எல்லாம் செய்த மனிதர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் ஆறு மாதம் முடிந்தது. மேனேஜர் பேக்கிங்குக்கு வந்தார்.

"ஜெயிச்சிட்டீங்க கொளஞ்சியம்மா. திங்கட்கிழமையிலிருந்து பழைய இடத்துக்குப் போகலாம்."

எனக்கு அந்த இடத்திலேயே இருமல் வருவது போல் இருந்தது.

"சார், ஆசை வருது சார்."

"என்ன?"

"அந்த மேசைய நெனச்சாலே பீடி நெனப்பு வருது சார்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அங்கதான் குடிப்பீங்களா?"

"அங்கதாங்க."

"நான் தினம் வந்து பார்த்தேனே. வாசமே வரலையே."

கைக்குட்டையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

"வேற யாராவது குடிக்கிறாங்களா?"

அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

அன்று சாயந்திரம் பஸ் ஸ்டாண்டில் சரோஜாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கும் இருமல் ஆரம்பித்திருந்தது. அவள் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கும் ஆரம்பித்திருந்தது. சரோஜா கேட்டுக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் ஏறும்போது, "நீ மட்டும் குடிச்சிட்டு வுட்டா எப்புடி? நாங்களும் பொம்பளைங்கதான" என்றாள்.

திங்கட்கிழமை மேனேஜர் "யாராவது..." என்று ஆரம்பித்தார். சரோஜா கையைத் தூக்கினாள். அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தி. அந்த ஒருத்திக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. பிசிறு சுரண்டுகிற பெண்கள் அத்தனை பேர் கையும் மேலே நின்றது. ஆண்கள் பக்கம் ஒரு கைகூட இல்லை.

மேனேஜர் செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மொத்த செக்ஷனுமா?"

"மொத்தமும் சார்" என்றாள் சரோஜா. "ஒருத்திய பாத்து ஒருத்தி. காஞ்ச வேல பாருங்க. கையி காஞ்சே கெடக்குதா, சட்டுனு ஒரு குச்சிய ஒரசிப் பத்த வச்சிக்குவோம்."

"அம்மாடி" என்றார் மேனேஜர்.

எல்லோரையும் பேக்கிங்கில் போட முடியாது. போட்டால் பேக் செய்யக் கட்டை வராது. ராத்திரியெல்லாம் யோசித்திருப்பார் போல. காலையில் கண் சிவந்து வந்தார். கூடவே பிளாஸ்டிக் பேசின்கள் வந்தன. மேசைக்கு மேசை ஒரு பேசின் தண்ணீர், ஆளுக்கு ஒரு ஸ்பாஞ்ச்.

"இன்னையிலிருந்து ஈர வேலைதான். கை எப்பவும் நனைஞ்சே இருக்கணும். ஈரக் கையில தீக்குச்சி பத்தாது, பீடியும் நமத்துப்போகும்" என்றார். காய்ந்த சுரண்டலுக்கு வைத்திருந்த பிளேடுகளை எல்லாம் வாங்கிக்கொண்டார். கொஞ்சம் தள்ளிப் போனவர் திரும்பி வந்தார். "இன்னொண்ணு. இனிமே யாரும் வாயால ஊதக் கூடாது. ஊதுறது புகை விடுற பழக்கத்தை ஞாபகப்படுத்தும். துணியால துடைங்க."

சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "சார், நனைஞ்சா திரும்பக் காயணும். ஒரு நாள் போயிடும் சார்."

"ஒரு உயிர் போயிருக்குய்யா. ஒரு நாள் போகட்டும்" என்றார் மேனேஜர்.

அவர் யாரையும் 'யா' போட்டுப் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

நாங்கள் கேட்டது பேக்கிங். கிடைத்தது தண்ணீர். நானும் பழைய மேசைக்கே திரும்பினேன். சரோஜாவின் முகம் என்ன நிறம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச மாதத்தில் செக்ஷனில் இருமல் சத்தம் குறைந்தது. மேனேஜர் கைக்குட்டை இல்லாமல் உள்ளே வந்தார், ஆழமாக மோந்தார், முகம் மலர்ந்தார். பெண்களைப் பீடியிலிருந்து மீட்டதற்காக ஒரு விழாவில் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் பஸ் வைத்துப் போய்க் கைதட்டினோம். மனதாரத்தான் தட்டினோம். அவர் சென்னைக்குத் திரும்பிப் போனபோது சரோஜா அழுதாள்.

ரிட்டையர் ஆன பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். அங்கே இருந்த டாக்டரம்மா என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போன கல் மாவு திரும்பி வராது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார். இப்போதும் மாடிப்படி எனக்கு ஆகாது. மாடி வீடு எனக்கு இல்லை. அதனால் பிரச்சினை இல்லை.

மலர் கேட்க வந்த பெண்களில் ஒருத்தி, பீடி சிகரெட்டை அடியோடு தடை செய்யலாமா, உங்கள் கருத்து என்ன என்று கேட்டாள். செய்யலாம். தாராளமாகச் செய்யலாம். பிரகாசம் அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். பீடியை ஒருவன் தானே வாயில் வைக்கிறான். அவனைத் திட்டுவது சுலபம். மாவை எங்கள் வாயில் வைத்தது யார்? அந்த ஆளைத் தேடிப் பிடித்துத் திட்ட வேண்டும். அது சிரமம். அதனால் எல்லோரும் பீடியைத் திட்டுகிறார்கள்.

போன மாதம் சரோஜா வீட்டுக்கு வந்தாள். அவள் இன்னும் வேலையில்தான் இருக்கிறாள். உட்காரும்போதே இருமினாள்.

"என்னாடி, திரும்பவுமா?"

"புது மேனேஜர் வந்திருக்காருக்கா. சின்ன வயசு. மேசைக்கு மேசை தண்ணி எதுக்குன்னு கேட்டாரு. பீடி குடிக்காம இருக்கறதுக்குன்னு சூப்பர்வைசரு சொல்லிட்டாரு. இங்க யாரு பீடி குடிக்கிறாங்கன்னாரு. யாரும் இல்ல சார்னாரு. அப்ப தண்ணி எதுக்கு, ஒரு நாளு வீணாவுதேன்னு பேசின எல்லாம் எடுத்துட்டாரு. காஞ்ச சொரண்டலுதான் இப்ப. ஊதுறதும் வந்துடிச்சி."

"மாவு வருதுன்னு நீ சொல்லலையா?"

"சொல்லாம இருப்பனா? மொகமூடி தரேன்னாரு. ஆளுக்கு ஒன்னு குடுத்தாரு. ஒரே நாள்ல வேர்வையும் மாவும் ஊறி நெஞ்சி அடைக்குது. புதுசா சேந்த புள்ளைங்க ரெண்டும் இருமுதுங்கக்கா. கல்யாணம் ஆவாத புள்ளைங்க."

அவள் முகத்தில் மறுபடி மாவு இருந்தது. காதோரம் துடைக்காமல் விட்டிருந்தாள்.

டீ போட்டுக் கொடுத்துவிட்டு முனைக் கடைக்குப் போனேன். ஒரு கட்டு பீடி கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். "வுட்டுட்டீங்கன்னு சொன்னாங்க?" என்றார். "ஆசை வந்துடிச்சி" என்றேன். வீட்டுக்கு வந்து கேஸ் அடுப்பில் பாதிப் பாதி எரியவிட்டு அணைத்தேன். வாயில் வைக்கவில்லை. ஆறியதும் துண்டுகளை ஒரு டிபன் டப்பாவில் போட்டுச் சரோஜாவிடம் கொடுத்தேன்.

"யாரும் குடிக்க வேணாம். மேசைக்கு அடியில அங்க இங்க போட்டு வையி. மத்தத மேனேஜரு பாத்துக்குவாரு."

சரோஜா டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து மூடினாள். "போயிட்டு வரேங்க்கா" என்று கிளம்பினாள்.

வியாழக்கிழமை போன் வந்தது.

"அக்கா, பாத்துட்டாரு!"

"யாரப் பாத்தாரு?"

"துண்டப் பாத்துட்டாருக்கா, மேசைக்கு அடியில. எல்லாரையும் நிக்க வச்சி நுரையீரலப் பத்தியே பேசுனாரு. போன்ல படமெல்லாம் காட்டுனாரு. வெக்கமா இல்லயா, நீங்கள்லாம் தாயான்னு கேட்டாரு. நல்ல திட்டு."

"தண்ணி?"

"பாதித் திட்டுலயே பேசின் எல்லாம் வந்துடிச்சி. மீதித் திட்ட கைய நனச்சிக்கிட்டே கேட்டோம்."